மூன்று மணி நேர நிறுத்தம்

ஒகேனக்கல்லில் பேருந்துக் கதவு திறக்கும் முன்பே
மைக்கைத் தட்டிச் சொன்னார் டூர் மேனேஜர்:
ஒன்றே முக்காலுக்குத் தலை எண்ணுவேன்,
இல்லாத தலைக்கு நான் பொறுப்பில்லை.

பென்னாகரம் தாண்டிய வளைவுகளில்
வாந்தியெடுத்தவர்கள்கூட
முகம் கழுவ நிற்கவில்லை.
நாற்பத்திரண்டு பேரும் அருவிப் பக்கம்.
நானும் மகனும் பரிசல் துறையில்.

அவன் கையில் கோடு போட்ட நோட்டு.
முதலை, நீர்நாய், மலை அணில், ஆற்று ஆலா.
எதிரே இரண்டு கட்டங்கள்:
பார்த்தது. பார்க்காதது.

"அருவிக்கு அடியிலயே விடுறேங்க்கா."
"முதலை கேரண்டி, இல்லைன்னா பாதிக் காசு வாபஸ்."
ஒருவர் போனில் வாய் பிளந்திருந்த முதலை
அடுத்தவர் போனிலும்
அதே பல்லோடு வாய் பிளந்திருந்தது.

வரிசைக் கடைசியில்
கவிழ்த்துப் போட்ட பரிசலுக்குத்
தார் பூசிக்கொண்டிருந்தார் மாதேசன்.
எங்களைக் கூப்பிடவில்லை.

"முதலை வருமா?" மகன்தான் கேட்டான்.
"அதுகிட்ட கேட்டாத்தான் தெரியும்."
"நீர்நாய்?"
"முந்தாநாள் பார்த்தேன்.
இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. சத்தம் ஜாஸ்தி."

இன்சூரன்ஸ் ஆபீசில் பதினொரு வருஷம் எனக்கு.
கேரண்டி என்ற சொல்லுக்கு அடியில்
எவ்வளவு சின்ன எழுத்து இருக்குமென்று தெரியும்.
அந்த முந்தாநாளை நம்பி
லைஃப் ஜாக்கெட்டை மாட்டினேன்.

"எத்தனை கிலோக்கா?"
துறைக்கே கேட்கும்படி கேட்டார்.
எந்தப் படிவத்திலும் உண்மையாய் எழுதாத எண்ணை
ஆற்றுக்குச் சொன்னேன்: எழுபத்தெட்டு.
மகன் பக்கம் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

முன் எது, பின் எது என்றில்லாத வண்டி.
"ஒரு சுத்து சுத்தட்டுமா? எல்லாரும் கேப்பாங்க."
வேண்டாமென்றேன்.
அருவியின் இரைச்சல் பாறைகளுக்குப் பின்னால் போய்
பக்கத்து வீட்டு மிக்ஸி மாதிரி ஆனது.

ஒரு நீர்க்காகம்
சிறகு இரண்டையும் விரித்து வைத்திருந்தது,
ஈரச் சட்டையோடு ஹேங்கர் தேடுகிறவனைப் போல.
பட்டியலில் அது இல்லை.

அப்புறம் ஒரு தட்டைப் பாறை.
மேலே மீன் செதில், பாதித் தலை,
நாற்றமடிக்கும் கறுப்பு எச்சம்.
துடுப்பை மடியில் வைத்தார் மாதேசன்.
"இப்பத்தான் சாப்பிட்டுப் போயிருக்கு. காயவே இல்லை பாருங்க."

தண்ணீரில் குமிழிகள் வரிசையாய் நகர்ந்தன.
நாணல் ஓரத்தில் நின்றன.
உள்ளிருந்து ஒரு விசில்.
யார் வீட்டுக் குழந்தையோ என்று திரும்பினேன்.
அதற்குப் பதில் போல
இன்னும் சன்னமாய் இரண்டு.

"குட்டிங்க" என்றார்.
"கிட்டப் போலாம்மா. ப்ளீஸ்மா."
மாதேசன் என்னைப் பார்த்தார்.
உங்கள் காசு, உங்கள் நேரம் என்கிற பார்வை.
துடுப்பு அசையவில்லை.

திருப்பச் சொன்னேன்.

கரை வரும்வரை மகன் என்னோடு பேசவில்லை.
கல்லைத்தான் பிடித்துக்கொண்டு வந்தான்.

பேருந்தில் வசுமதி ஓடி வந்து போனை நீட்டினாள்.
தொங்கு பாலத்திலிருந்து எடுத்தது.
மணல் திட்டில் முதலை, முழுசாக,
வால் நுனி வரைக்கும்.
"நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?
எங்க எல்லாருக்கும் ஓசியில கெடைச்சுது!"
அவள் கையில் வாழையிலைத் துண்டு,
மிளகாய்த்தூள் ஒட்டிய மீன் முள்.

தலை எண்ணினார்கள். நாற்பத்து நான்கு சரி.
என் சுடிதாரின் ஈரம்
சீட்டில் வட்டமாய்ப் பரவியது.

மலை ஏறும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன்.
முதலைக்கு நேரே 'பார்க்காதது' என்பதில் டிக்.
நீர்நாய்க்கு இரண்டு கட்டமும் காலி.
ஸ்கேல் இல்லாமல் கோணலாக
மூன்றாவதாய் ஒரு கோடு இழுத்தான்,
வளைவில் பேனா சறுக்கி
மலை அணிலையும் வெட்டிக்கொண்டு போனது.
மேலே எழுதினான்: கேட்டது.
அதற்குக் கீழே கொஞ்ச நேரம் நிறுத்தி,

முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டு,
"விசிலுக்கு எந்த ல்?"